எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்துக் கொடுங்கள்

மலையகத்தில் தையல் மெஷின் வழங்கும் விழாவுக்கு ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை. தேர்தல் நெருங்கினால் அரசியல்வாதியின் ஒதுக்கீட்டில் வரும்; நெருங்காத காலத்தில் தொண்டு நிறுவனமோ வெளிநாட்டு நலன்விரும்பிகளோ கொடுப்பார்கள். மேடையில் வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண், மறுநாள் பத்திரிகையில் படம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஒவ்வொரு தடவையும் இழுபறிக்குப் பிறகே நகரும் இடத்தில், தேயிலைக் கொழுந்தை மட்டும் நம்பியிராமல் இன்னொரு வருமானம் தேடுவது நியாயமானதுதான். ஆனால் வெளியே சொல்லப்படும் கணக்கு எப்போதும் கொடுத்த மெஷினின் கணக்காகவே இருக்கிறது. இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தையல் வகுப்பில் அளவெடுக்க, வெட்ட, தைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மெஷினைத் திறந்து துடைத்து எண்ணெய் விடுவதுதான் முதல் பாடமாக இருக்கவேண்டும் என்பது என் வாதம். அது இல்லாமல் கொடுக்கும் மெஷின், கொடுத்தவரின் படத்துக்கு உதவும் அளவுக்கு வாங்கியவரின் அடுப்புக்கு உதவாது.

இதை வட்டவளையை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில் இருக்கும் இந்த ஊர், மலைநாட்டின் மேற்குச் சரிவில், தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் முகப்பில் இருக்கிறது. இலங்கையின் மிக வறண்ட பகுதிகளில் ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. இந்தச் சரிவிலோ 5,000ஐத் தாண்டும் இடங்கள் இருக்கின்றன. மே தொடங்கி செப்டெம்பர் வரை உடுப்பு காயாது, உப்பு கசியும், நெருப்புப் பெட்டி பற்றாது. அந்த ஈரத்தில் வார்ப்பிரும்பும் உருக்கும் சும்மா இருந்தாலே துருப்பிடிக்கும். போதாததற்குத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஒட்டினாற்போல விறகடுப்பும் என்றால், மெஷினை அடுப்பிலிருந்து எட்ட வைப்பது என்ற யோசனைக்கே இடமில்லை. புகைக்கரி எண்ணெய்ப் பசையில் ஒட்டும். அதன்மேல் பஞ்சு ஒட்டும். பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கொழும்பில் ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டாலும் ஓடக்கூடிய மெஷின், இங்கே ஒரு பருவ மழையிலேயே இறுகிப்போவதில் ஆச்சரியமில்லை.

அந்தப் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது பலருக்கும் தெரியாத விஷயம். வீட்டுத் தூசிதான் உள்ளே போகிறது, துணியால் மூடிவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதியை உண்டாக்குவது தையல் வேலையே. மேல்நூல் தையலில் போய் நிற்பதற்கு முன், ஊசிக்கண் வழியாகவும் துணி வழியாகவும் பலமுறை மேலும் கீழும் உரசிப் போகிறது. ஒவ்வொரு உரசலிலும் நூலிலிருந்தும் துணியிலிருந்தும் பிசிறு கழன்று ஊசித்தட்டுக்குக் கீழே விழுகிறது. எவ்வளவு சுத்தமான வீடானாலும் தைக்கத் தைக்க அது சேர்ந்துகொண்டேதான் இருக்கும். துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையில் அது இறுகிக் கம்பளி மாதிரி கெட்டிப்பட்டுவிட்டால், பற்கள் போதிய உயரத்துக்கு எழும்பாது. துணி நகராது. உடனே கையால் இழுக்கத் தொடங்குவோம். இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி தட்டில் குத்தும், முனை மழுங்கும் அல்லது உடையும். அதே பிசிறில் ஒரு துளி மேலே இறுக்கத் தட்டுகளுக்கு நடுவில் சிக்கினால் துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும்; பொபின் கேஸின் சிறு தகட்டுக்கு அடியில் சிக்கினால் அடிநூல் தளர்ந்து மேலே தெரியும். வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்து ‘டைமிங் போய்விட்டது’, அதாவது ஊசியும் ஷட்டிலும் ஒத்து ஓடவில்லை, என்ற ஒரே முடிவுக்கு வருவார்கள். மெஷினை மூலையில் தள்ளி மேலே துணிமூட்டையை வைத்தால் அதோடு கதை முடிந்தது. இத்தனைக்கும் அதைச் சரிசெய்ய ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் சின்ன ஸ்குரூ டிரைவரும் கால்மணி நேரமும் போதும்.

எண்ணெய் விஷயத்தில் நடக்கும் பிழை இன்னும் பெரியது. கையில் கிடைத்த எண்ணெயை விடுவது நம் வழக்கம். வீட்டில் எப்போதும் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் எண்ணெய். தலைக்குப் பூசும் போத்தலை வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்து இளக்கித்தான் மலையகத்தில் எடுக்கவேண்டியிருக்கிறது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அதே எண்ணெய் மெஷினுக்குள் மட்டும் எப்படி உருகி நிற்கும்? உறைவது ஒருபுறம் இருக்க, சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவை நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாக மாறும். தையல் மெஷின் எண்ணெய் என்று சிறு போத்தலில் விற்கும் தெளிந்த, மணமில்லாத கனிம எண்ணெய்தான் சரி. துளை ஒன்றுக்கு ஒரு துளி, ஷட்டில் ஓடும் வளையத்துக்கு ஒரு துளி. பிறகு நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, வழிந்ததைத் துடைத்து, ஒரு கந்தைத் துணியில் தைத்துப் பார்த்தால் முடிந்தது. இறுக்கத் தட்டிலும் பெல்ட்டிலும் எண்ணெய் படக்கூடாது. ஏற்கெனவே பிசினாகிவிட்ட மெஷினை மண்ணெண்ணெயால் கழுவி இளக்கலாம், ஆனால் அதோடு விட்டுவிட்டால் உலோகம் உலோகத்தில் தேயும். பின்னாலேயே மெஷின் எண்ணெய் விடவேண்டும். அந்த வேலையை அடுப்பு எரியும்போது செய்யவே கூடாது என்பதைச் சொல்லித்தரும் ஆளும் வேண்டும். பஞ்சை வாயால் ஊதுவது அதை உள்ளே தள்ளும், மூச்சின் ஈரத்தையும் சேர்த்து. பொலித்தீன் உறையால் இறுக்கி மூடுவது ஈரத்தைப் பூட்டிவைப்பதற்குச் சமம். பருத்தித் துணிதான் நல்லது. தைக்க எதுவும் இல்லாத மழை வாரத்திலும் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும்.

இவ்வளவு எளிய அறிவு தோட்டத்தில் ஏன் பரவவில்லை? மலையகத்தில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதற்கும், 1992இல் பிரேமதாச அரசு 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தை அறிவித்ததற்கும் பிறகு, கார்மெண்டில் வேலைசெய்து ஊர் திரும்பிய பெண்கள் தோட்டங்களின் பல டிவிசன்களில் இருக்கிறார்கள். கை வேகத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கார்மெண்ட் மெஷின் வேறு பிறவி. அதன் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். ஓடும்போது தானே எண்ணெயை ஏற்றிக்கொள்ளும். பழுதானால் கையை உயர்த்தவேண்டும், மெக்கானிக் வருவார். ஒப்பரேட்டர் மெஷினைக் கழற்றினால் திட்டுத்தான் விழும். அப்படிப் பல வருஷம் பழகியவருக்கு வீட்டு மெஷினுக்குத் தானே எண்ணெய் விடவேண்டும் என்பது எப்படித் தோன்றும்? மறுபக்கம், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். கொழுந்து அரைத்த ரோலரை அன்றன்றே கழுவாவிட்டால் ஒட்டிய சாறு புளித்து மறுநாள் தேயிலையைக் கெடுக்கும் என்பதால் கழுவுவதும் துடைப்பதும் அங்கே வேலையின் பகுதி. மெஷின் என்றால் பராமரிப்பும் உண்டு என்ற அறிவு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அது ஸ்டோரில் வேலைசெய்யும் ஆண்களின் அறிவாக இருந்து, லயத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் பெண்ணிடம் வராமல் நின்றுவிட்டது. ‘கழற்றிக் கெடுத்துவிடாதே’ என்ற ஒரு வசனமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

திருத்துகிறவர்கள் ஹட்டன் டவுனில் இருக்கிறார்களே, அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று கேட்கலாம். கால் மெஷினின் தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் பாரம். அதை டிவிசனிலிருந்து ரோட்டுக்குச் சுமந்து, பஸ்ஸில் ஏற்றி, கொடுத்துவிட்டு வந்து, திரும்பவும் எடுக்கப்போனால் இரண்டு நாள் பேர், அதாவது வேலைக்கு வந்த பதிவு, போய்விடும். பஞ்சு எடுப்பதற்காக இரண்டு நாள் சம்பளத்தை இழப்பது கட்டுப்படியாகாது, அதனால்தான் மெஷின் மூலைக்குப் போகிறது. உண்மையிலேயே டைமிங் தவறியதும் ஷட்டில் தேய்ந்ததும் திருத்துபவரிடம்தான் போகவேண்டும். ஓடுகிற மெஷின் ஊரில் கூடினால் அவருக்கும் வேலை கூடும். புதிய மின்சார மெஷின்களுக்கு எண்ணெயே தேவையில்லையாமே என்பது அடுத்த கேள்வி. சிலவற்றுக்கு அது உண்மைதான்; கையேடு எண்ணெய் விடாதே என்று சொன்னால் விடக்கூடாது. ஆனால் பஞ்சு அவற்றிலும் சேரும். கையேட்டைப் படித்து நடக்கச் சொல்வதானால் அது தமிழில் இருக்கவேண்டும். அரசுப் பணத்தில் வாங்குபவர்கள் இதைக் கேள்விப் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், செலவு எதுவுமில்லை.

மூன்றாவது எதிர்ப்புக்குத்தான் அதிக மரியாதை கொடுக்கவேண்டும். காணியும் இல்லை, சரியான சம்பளமும் இல்லை. இந்த நிலையில் மெஷினைத் துடைக்கவில்லை என்று பெண்களையே குற்றவாளி ஆக்குகிறீர்களா என்பது அது. நான் குறை சொல்வது கொடுப்பவர்களை. தையல் மெஷின் காணி உரிமைக்கோ சம்பளத்துக்கோ பதிலாகாது. அப்படிக் காட்டப்படும் மேடைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி. ஆனாலும் 2022இல் ரூபாய் விழுந்து இறக்குமதிப் பொருள்களின் விலை எகிறியதற்குப் பிறகு, பழுதான மெஷினுக்குப் பதிலாகப் புதிது வாங்குவது தோட்டத்து வீட்டின் கைக்கு எட்டாத காரியம். வீட்டில் இருக்கும் மெஷினை ஓடவைக்கும் திறமையே அங்கே சொத்து. இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தி, 1924இல் மாணவர் ஜி. ராமச்சந்திரனோடு பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். உழைப்பவர் கையிலேயே இருக்கும் கருவி என்றால்தான் அந்த விலக்குக்கு அர்த்தம் உண்டு. ஒரு துளி எண்ணெய்க்கு ஹட்டனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மெஷினுக்கு அது பொருந்தாது.

பராமரித்தால் எவ்வளவு காலம் வரும் என்பதற்குச் சாட்சி தேடி அலையவேண்டாம். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த அதன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அங்கே வார்த்த கறுப்பு மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் தைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் சிங்கரின் 15ஆம் ரகத்தைப் பொது அளவாக எடுத்துப் பெருமளவில் செய்தது. அந்த ரகத்தின் பொபினும் ஊசியும் அதைப் பார்த்துச் செய்த பல கம்பனி மெஷின்களுக்கும் பொருந்தும். பாகம் கிடைக்காது என்ற சாக்கு இந்தக் கறுப்பு மெஷின்களுக்குச் செல்லாது.

ஆகவே கொடுக்கிறவர்கள் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடட்டும். பத்து மெஷினுக்கான பணத்தில் ஒன்பது வாங்கி, மிச்சத்தில் ஒவ்வொன்றோடும் எண்ணெய்ப் போத்தல், பிரஷ், ஸ்குரூ டிரைவர், பதினோராம் பதினான்காம் நம்பர் ஊசிகள் இரண்டு பெட்டி கொடுக்கட்டும். டிவிசனுக்கு ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து, மெஷினை முழுதாகக் கழற்றிப் பூட்டப் பழக்கி, அவர் மற்ற வீடுகளுக்குப் போகும் நாளுக்குக் கூலியும் கொடுக்கட்டும். ஆறு மாதத்தில் ஒருமுறை யாராவது வந்து ஓடுகிற மெஷினை எண்ணட்டும், அதைப் பத்திரிகையில் போடட்டும். பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தாலும் தைகூலி பெற்றோர் தலையில்தான். ஒவ்வொரு வருஷமும் அந்த வேலை வரும் சமயத்தில் டிவிசனில் எத்தனை மெஷின் தயாராக இருக்கிறது என்பதை வைத்தே கொடுத்தவருக்கு மாலை போடலாம்.