மாற்றுப் பாராத மருந்து

பொன்னை உரைத்துப் பார்த்து வாங்கிய மண் இது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதற் பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூர் அவையத்தார் ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றுக் காண்பதற்கெனவே ஆள்களை அமர்த்தினர். அதற்கு நெறி வகுத்துக் கல்லிலும் வெட்டி வைத்தனர். பொன்னில் கலப்பு நேர்ந்தால் பொருள்தான் கெடும். அதற்கே அத்துணைக் காவல்! அந்த உத்திரமேரூரும் பாலாற்றங்கரை ஓரிக்கையும் அடங்கிய காஞ்சிபுர மாவட்டத்திலிருந்துதான், உயிரையே குடிக்கும் கலப்பொன்று மருந்தென்னும் பெயரால் 2025-இல் வடக்கே சென்றது.

சுங்குவார்சத்திரத் தொழிற்கூடம் ஒன்றில் செய்யப்பட்ட கோல்டிரிப் என்னும் இருமல் நீர்மத்தைப் பருகிய குழந்தைகள், மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா வட்டாரத்தில் சிறுநீரகம் செயலற்று மடிந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுயிர்கள்! அக்தோபர்த் தொடக்கத்தில் தமிழக அரசின் ஆய்வுக்கூடம் அந்நீர்மத்தில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதைக் கண்டது. ஒப்பத்தக்க உச்ச அளவோ 0.1 பங்குதான்!

இந்நஞ்சு பிசின், சாயம் முதலிய தொழில்களுக்குரியது. மருந்தைக் கரைக்க உதவும் புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே நிறமற்றது, குழைவானது, இனிப்பானது. கண்ணும் நாவும் இவ்விரண்டையும் பிரித்தறியா. வளிம வண்ணப்பிரிகைக் கருவி பிரித்தறியும். சிறுதுளியைச் சூட்டால் ஆவியாக்கி, ஈலியம் போன்ற வினைபுரியா வளிமத்துடன், உட்புறம் மெல்லிய பூச்சுடைய நீண்ட நுண்குழாயில் செலுத்துவர். 188 பாகையில் கொதிக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் முந்தி வெளிவரும்; 245 பாகையில் கொதிக்கும் நஞ்சு பிந்தி வரும். வரும் நேரம் பொருள் இன்னதெனக் காட்டும். வரைவில் எழும் முகட்டின் பரப்பு அதன் அளவைக் காட்டும். 1952-இலேயே உலகம் அறிந்த முறை இது!

நஞ்சும் புதிதன்று. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுவர்க்கு மேல் இதனால் மாண்டனர். 1986-இல் மும்பை மருத்துவமனையிலும், 2022-இல் காம்பியா நாட்டிலும் இதே கொடுமை நிகழ்ந்தது. கருவி உண்டு, பட்டறிவு உண்டு, சட்டமும் உண்டு. இல்லாதது பொறுப்புணர்வே!

தொழிற்கூடத்தின் உரிமம் அக்தோபரிலேயே நீக்கப்பட்டது. ஆனால், பிணம் விழுந்தபின் செய்யும் ஆய்வு குற்றத்தைத்தான் காட்டும்; குழந்தையைக் காக்காது. கருவி விலை மிகுந்தது என்று சிறு தொழிலார் சொல்லக்கூடும். அவ்வாறாயின், தொழிற்பேட்டைதோறும் பொது ஆய்வுக்கூடம் ஒன்றை அரசே அமைக்கட்டும். மூலப்பொருள் வந்திறங்கும் ஒவ்வொரு கலனையும், வெளியேறும் ஒவ்வொரு தொகுதி நீர்மத்தையும் ஆய்ந்த பின்னரே வாயிற்கதவு திறக்கவேண்டும். ஆய்ந்தவர் பெயரும் நாளும் ஏட்டில் பதியப்பெறல் வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மூர்ப் பொன்னுக்கு வாய்த்த காவல், இன்று பிள்ளைகளின் உயிருக்கு வாய்க்கவில்லை என்றால், அது நமக்கு நாணமன்றோ?