கலைச்சொல் வருகிறது, வாக்கியம் வரவில்லை

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் கூற்று–காரணம் வினாக்கள் உண்டு. கூற்று சரியா, காரணம் சரியா, அந்தக் காரணம்தான் கூற்றை விளக்குகிறதா என்று கேட்பவை. மாணவரின் புரிதலைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆனால் விடையாக அவர் எழுத வேண்டியது ஒரே ஓர் எழுத்து. ‘அயனி’ என்றால் என்ன என்று கேட்டால் வரையறை மளமளவென்று வருகிறது. இரண்டு உண்மைகளைத் தன் சொந்த வாக்கியத்தில் கோக்கச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. பழியை நாம் கலைச்சொற்கள் மீது போட்டுவிடுகிறோம். மாணவர் தடுமாறுவதோ பெரும்பாலும் ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இருந்தாலும்’ போன்ற சின்னச் சொற்களில்தான்.

‘சமையல் உப்பில் அயனிகள் இருந்தாலும்…’ என்று கரும்பலகையில் எழுதி, மீதியை முடிக்கச் சொல்லிப் பாருங்கள். ‘திண்மமாக இருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தாது, ஏனெனில் அயனிகள் அங்கே இடம்பெயர முடியாது’ என்று எழுத, படிகத்துக்குள் அயனிகள் கட்டுண்டு கிடப்பதும் நீரில் கரைந்தால் விடுபடுவதும் தெரிந்திருக்க வேண்டும். நோட்ஸில் படித்த வரியை அப்படியே இறக்கிவைக்க இங்கே வழியில்லை. எழுதியதைப் பார்த்த மாத்திரத்தில் ஆசிரியருக்கும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள நியூ டார்ப் உயர்நிலைப் பள்ளி, வேதியியல் உட்பட ஏறக்குறைய எல்லாப் பாடங்களிலும் இத்தகைய வாக்கியப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அங்கே ஆங்கிலத் தேர்வில் தேர்ச்சி 2009இல் 67 விழுக்காடு, 2011இல் 89. ஒரு பள்ளியை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகிய பாடங்களில் எழுதிக் கற்பது குறித்த 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வும், எழுதுவது கற்றலுக்கு உதவுகிறது என்றே கண்டது. பலன் மிதமானதுதான்; மாயமந்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

‘போர்ஷனை முடிக்கவே நேரமில்லை, இலக்கணம் வேறா?’ என்று அறிவியல் ஆசிரியர்கள் கேட்கலாம். கேள்வி–பதிலைச் சொல்லச் சொல்ல எழுதவைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை எடுத்தாலே போதும். பிழை திருத்துவதும் இங்கே வேலையல்ல. சந்திப் பிழையோடு எழுதப்பட்ட சரியான காரணம் சரியான காரணமே. ஆங்கில வழி மாணவர்கள் முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போகட்டும். வலுவான தடை வேறு: விடைக்குறிப்பில் உள்ள முக்கியச் சொற்களைத் தேடி மதிப்பெண் போடும் வழக்கம் இருக்கும்வரை, மனப்பாடத்துக்குத்தான் லாபம். ஆகவே மாற்றம் வினாத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். கூற்று–காரணம் வினா ஒன்றிலாவது, தேர்ந்தெடுத்த விடைக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு ‘ஏன்?’ என்று கேட்கலாம். காலாண்டுத் தேர்வில் இதைச் செய்துபார்க்கத் தடையேதும் இல்லை.