கொடைக்கானலுக்கு மே மாதம் தான் போக வேண்டுமா?

கொடைக்கானல் என்றாலே நம்மவர்களுக்கு மே மாதம் தான். பள்ளி விடுமுறை, பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி, கூடவே மலைப்பாதை முழுக்க வண்டி வரிசை! கூட்டம் தாங்காமல் தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. தேவை கூடினால் விலை கூடும். சீசனில் அறை வாடகை எகிறுவது அதனால் தான்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு பயம் உண்டு. பொங்கல் கூட்டம் வடிந்ததும் போய்ப் பாருங்கள். குளிர் நடுக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். ஊர்க்காரர்களின் பிழைப்பும் சீசனோடு நின்று விடாது. எல்லோரும் ஒரே மாதத்தில் ஏறினால் மலை எப்படித் தாங்கும்? இரண்டு நாள் லீவு, ஒரு ஸ்வெட்டர் போதும். குறிஞ்சிப் பூவுக்கு மட்டும் 2030 வரை பொறுங்கள்!