பெட்டியை மகளே தூக்கட்டும்!

கல்லூரி திறக்கும் நாட்களில் பள்ளிக்கரணையில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தனியார் விடுதி வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நிற்கும். காருக்குள் ஆட்கள் நான்கு பேர், மூட்டைகளோ பத்து!

விடியற்காலையில் நெல்லை எக்ஸ்பிரசில் வந்து தாம்பரத்தில் இறங்கிய குடும்பம் அது. சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டி வந்திருக்கிறது. அப்பா தலையில் மெத்தைச் சுருள். அம்மா கையில் வாளி. வாளிக்குள் சோப்பு, சீப்பு, ஊறுகாய்ப் பாட்டில். மாமா தோளில் பெட்டி. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள், கையில் செல்போனுடன் கடைசியாக இறங்குவாள்.

ஒரு மணி நேரத்தில் அறை தயாராகி விடும். அம்மா தரையைத் துடைப்பார். அலமாரியில் பழைய பேப்பர் விரிப்பார். அப்பா துணிக்கொடி கட்டுவார். வார்டனிடம் பேசுவதும் அப்பாதான். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்பது கூட அம்மாதான்! மகள் வேடிக்கை பார்ப்பாள்.

அன்புதான். யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த அன்பு மாலையில் ஊருக்கு ரெயில் ஏறி விடுமே! கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கூட முடிவு செய்யாத பெண், மறுநாள் காலையில் இருந்து எல்லாவற்றையும் தானே முடிவு செய்ய வேண்டும்.

துடைப்பமும் துணிக்கொடியும் மகளின் வேலை. பெற்றோருக்கு வேறு வேலை இருக்கிறது. அதைத்தான் பலர் மறந்து விடுகிறார்கள்.

தண்ணீர் எதுவரை வந்தது?

பள்ளிக்கரணை தாழ்வான ஊர். தென்சென்னைப் புறநகரில் உள்ள பல ஏரிகளின் உபரி நீர் இங்குள்ள சதுப்பு நிலத்துக்குத்தான் வருகிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2022-ம் ஆண்டு இந்தச் சதுப்பு நிலம் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அதற்குப் பொருள். பறவைகளுக்கு நல்ல இடம். தரைத் தளத்தில் படுத்திருக்கும் மாணவிக்கு?

2015-ம் ஆண்டு வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது.

வெயில் காயும் மாதத்தில் பார்த்தால் எந்த விடுதியும் அழகாகத்தான் இருக்கும். டிசம்பரில்தான் விஷயம் தெரியும். ஆகவே, பெரிய மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அப்பா விசாரிக்க வேண்டும். விடுதிக்காரரிடம் அல்ல, எதிரே இருக்கும் டீக்கடைக்காரரிடம்! சமையல் அறையும் ஜெனரேட்டரும் தரைத் தளத்திலேயே இருந்தால், மூன்றாவது மாடியில் இருப்பவளுக்கும் வெள்ளத்தில் சோறு இல்லை, விளக்கு இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

பெண்கள் தங்கும் தனியார் விடுதிக்கு அரசின் லைசென்ஸ் வேண்டும். 2014-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு இதற்குத் தனிச் சட்டமே இயற்றியது. லைசென்சைக் காட்டுங்கள் என்று கேட்பதில் வெட்கம் என்ன? முன்பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். பாதியில் விடுதியை விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

கல்லூரியில் இன்னொரு தாளும் தருவார்கள். ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழி. மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். பலர் படிக்காமலே போட்டு விடுகிறார்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு உயிர் இருக்கிறது. 1996-ம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். தமிழகமே பதறியது. மறு ஆண்டே ராகிங்கைத் தடுக்க மாநிலத்தில் சட்டம் வந்தது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்தன. புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண் இருக்கிறது. அம்மா ஊறுகாய்ப் பாட்டிலுக்கு இடம் தேடும் நேரத்தில், இந்த எண் மகளின் போனில் ஏறி விட்டதா என்று பார்க்கலாம்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. அங்கே வகுப்பறைகளைப் போலவே சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் ஆகிய விடுதிகளுக்கும் பெயர் உண்டு. வெறும் படுக்கை இடம் என்று நினைத்திருந்தால் விடுதிக்கு அத்தனை மதிப்பு வந்திருக்குமா?

கூலி வேலையை விட்டு வர முடியாத அப்பாக்களும் இருக்கிறார்கள். பஸ் ஏற்றி விடுவதோடு சரி. அந்தப் பெண் பெட்டியைத் தானே தூக்கி வருகிறாள். வழியைக் கேட்கிறாள். வார்டனிடம் சாவியைக் கேட்கிறாள். கண் கலங்கத்தான் செய்யும். ஆனாலும் இருட்டுவதற்குள் அவளுக்கு நாலு பேரைத் தெரிந்து விடுகிறது.

முறுக்கு டின்னை மட்டும் அம்மா தாராளமாகக் கொடுத்து அனுப்பலாம். இரண்டு நாளில் காலியாகி விடும். ஆகட்டும்! அறைத் தோழிகளை அத்தனை சீக்கிரம் சேர்த்துத் தர வேறு எதனால் முடியும்?

மாலை ஆறு மணி. பள்ளிக்கரணை பஸ் நிறுத்தத்தில் அப்பாவும் அம்மாவும் தாம்பரம் பஸ்சுக்காக நிற்கிறார்கள். போன் மணி அடிக்கிறது.

"அம்மா, பூட்டுச் சாவியை எங்கே வைத்தாய்?"

அம்மா வாயைத் திறக்கிறார். அப்பா கையைக் காட்டித் தடுக்கிறார்.

"தேடிப் பாரம்மா. அறையில்தான் இருக்கும்."