முள்ளந்தண்டும் மஞ்சட் சட்டையும்

2014ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, பிரேசிலின் போர்த்தலேசா நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண உதைபந்தாட்டக் காலிறுதி முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில், கொலம்பிய வீரர் ஹுவான் கமிலோ சூனிகாவின் முழங்கால் பிரேசில் அணியின் நெய்மாருடைய முதுகிற் பாய்ந்தது. நாரியின் மூன்றாவது முள்ளென்பு முறிந்தது. இலங்கையில் அப்போது 5ஆந் திகதி அதிகாலை மூன்று மணி கடந்துவிட்டது. பதுளை, பசறை, நமுனுகுலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து அறைகளிற் கண்விழித்திருந்த இளைஞருள் எத்தனையோ பேர், பெற்றோர் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் வீங்கிய கண்களோடு இருந்தனர். பிறநாட்டான் ஒருவனின் எலும்புக்காக ஊவா மலைகளில் வடிந்த அக்கண்ணீர் பற்றிப் பிழையான கருத்துகள் இரண்டு நிலவுகின்றன. ஒன்று அதனைக் கண்டு நகைக்கிறது. மற்றது அதனை வணங்குகிறது. இரண்டையும் மறுத்தற்பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நகைப்போரை முதலில் நோக்குவோம். இவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். நம்முடைய விடுதிகளிலும் விரிவுரையாளர் அறைகளிலும் இவர்களைக் காணலாம். நெய்மாரின் முதுகுக்காக அழுபவன், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமக்கும் தன் தாயின் முதுகுக்காக என்றேனும் அழுதானா என்பது இவர்களது வினா. கூர்மையாகத் தோன்றும் இவ்வினாவில் ஒரு வஞ்சகம் உண்டு. தாயின் முதுகுக்கு இரவில் எண்ணெய் தேய்த்துவிடுபவன் அந்த இளைஞனே, வினா எழுப்புபவரல்லர். அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மனிதரோடு மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கைகள் இருக்கவும் மக்களை அங்கேயே வாழவிட்டோரிடம் கேட்கவேண்டிய கணக்கை, ஆட்டம் பார்த்து அழுத பையனிடம் கேட்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? கண்ணீர் உண்டியற் பணமன்று, ஒன்றுக்குச் செலவிட்டால் மற்றதற்கு இல்லாமற் போவதற்கு. இது தோட்டத்துப் பாமரரின் பேதைமை என்று கருதுவோர் இங்கிலாந்தையும் சற்று நோக்கட்டும். 2002இல் டேவிட் பெக்கமின் பாத எலும்பு முறிந்தபோது, அந்நாட்டின் ‘சன்’ பத்திரிகை அவருடைய பாதத்தின் படத்தை அச்சிட்டு, அது குணமாகும்பொருட்டு வாசகர்கள் அதன்மேற் கைவைக்குமாறு கேட்டது. நமது பையன்கள் அந்த அளவுக்குச் செல்லவில்லை.

பிரேசில்மீது நம்மவர் கொண்ட பற்றிற்கும் ஒரு நியாயம் உண்டு. அதனை அவர்களே அறிந்திருக்க வேண்டியதில்லை. நம் முன்னோரைத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இம்மலைகளுக்கு முதலில் இழுத்துவந்தது தேயிலையன்று, கோப்பி. 1869இல் இதே ஊவாவின் மடுல்சீமையிற் கண்டறியப்பட்ட இலைநோய் இலங்கைக் கோப்பியை அழித்தது; உலகச் சந்தையிற் பிரேசில் கோப்பியின் பிடி மேலும் இறுகிற்று. அந்தக் கோப்பியை விளைவித்தோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அடிமைகள். 1888 வரை அங்கு அடிமைமுறை சட்டபூர்வமாகவே நிலவிற்று. அவ்வடிமைகளின் வழிவந்தோர் பலரே பின்னர், தம்மை உள்ளே விட மறுத்த கனவான்களின் கழகங்களை மீறி, பிரேசில் உதைபந்தாட்டத்துக்கு அதன் புகழைத் தேடிக்கொடுத்தனர். தோட்டத்துப் பிள்ளை மஞ்சட் சட்டையைத் தேர்ந்தது தற்செயலாக இருக்கலாம், தேர்வு பிழையானதன்று.

ஆனால் அக்கண்ணீர் அடுத்த நாளே என்னவாயிற்று? வணங்குவோருடன் நமக்குள்ள வழக்கு இதுதான். சூனிகாவுக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. அவர் கறுப்பர், ஆதலால் அவருடைய நிறத்தைக் குறித்து உலகெங்கும் இழிசொற்கள் வீசப்பட்டன. நம் பக்கத்திலும் அவை கேட்டன, தமிழிலேயே கேட்டன. அவர் மன்னிப்புக் கோரியது ஏசியவர் காதில் ஏறவில்லை. ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தோரும் ஒரு கணக்கை மறந்துவிட்டனர். அன்று இரு அணிகளும் இழைத்த தவறுகள் 54. அத்தொடரில் அதுவரை எந்த ஆட்டத்திலும் அத்தனை தவறுகள் நிகழ்ந்ததில்லை. அவற்றுள் 31 பிரேசிலுடையவை. கொலம்பியாவின் ஹாமேஸ் ரொட்ரிகஸ் திரும்பத் திரும்ப வீழ்த்தப்பட்டார். ஸ்பானிய நடுவர் கார்லோஸ் வெலாஸ்கோ கர்பாயோவோ, ஆட்டம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும்வரை எவருக்கும் மஞ்சள் அட்டை காட்டவில்லை. இருதரப்பும் சேர்ந்து வளர்த்து, நடுவர் தடுக்காது விட்ட முரட்டாட்டத்தின் இறுதி விளைவே அந்த முழங்கால். ஹாமேஸ் வீழ்ந்தபோது கைதட்டியவனுக்கு, நெய்மார் வீழ்ந்தபோது நீதி பேச என்ன உரிமை?

இன்னொன்றும் உண்டு, இது நம்மவர் நெஞ்சில் தைக்கவேண்டும். சூனிகா பிறந்த சிகொரோதோ, கொலம்பியாவின் ஊராபாப் பிரதேசத்தில் உள்ளது. நமக்குத் தேயிலை எப்படியோ, அப்பிரதேசத்துக்கு ஏற்றுமதி வாழை அப்படி. கண்ணுக்கெட்டிய மட்டும் வாழைத்தோட்டங்கள். ஒரு தோட்டப் பிரதேசத்துப் பிள்ளையை மற்றொரு தோட்டப் பிரதேசத்துப் பிள்ளை நிறஞ்சொல்லி ஏசிய கதை இது. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த செவிகளல்லவா நம்முடையவை? கொலம்பியர் அம்மிரட்டல்களை வெறும் வாய்ச்சொல்லாகக் கொள்ள முடியாமைக்கும் காரணம் இருந்தது. 1994 உலகக் கிண்ணத்தில் தவறுதலாகத் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திய அந்திரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பியபின் யூலை 2ஆந் திகதி மெதெயின் நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அது நிகழ்ந்து இருபது ஆண்டுகளும் இரண்டு நாட்களுமே கடந்திருந்தன.

இவ்வெறுப்பின் வேர் நெய்மார்மீது கொண்ட அன்பென்பர். நான் ஏற்கவில்லை. 1962இல் சிலியில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமுற்று விலகினார். அவருக்குப் பதிலாக வந்த அமரில்டோ இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். கிண்ணம் பிரேசிலுக்குக் கிடைத்தது. பெலேயின் காயம் கதையில் ஓர் அடிக்குறிப்பாயிற்று. 2014இற் கிண்ணம் கிடைக்கவில்லை. யூலை 8ஆந் திகதி, ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதிக்கு முன் தேசிய கீதம் ஒலிக்கையில், டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் நெய்மாரின் சட்டையை, இறந்தவரின் படத்தை ஏந்துவதுபோல் ஏந்தி நின்றனர். முதல் அரைமணிக்குள் ஐந்து கோல்கள், முடிவு 7–1. ‘அவன் இருந்திருந்தால்’ என்று இன்றும் சொல்கிறார்கள். முன்கள வீரர் ஒருவர் பின்களத்தின் அத்தனை ஓட்டைகளையும் எங்ஙனம் அடைத்திருப்பார்? அழப்பட்டது எலும்பன்று, கிண்ணம். எலும்புக்குரியவரோ, இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் தள்ளிப் பட்டிருந்தால் சக்கர நாற்காலியே கதியாயிருக்கும் என்று அதே மாதத்தில் கண்கலங்கக் கூறினார். பின் குணமடைந்து, மறு ஆண்டு பார்சிலோனாவுக்காக ஆடி ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தை வென்றார்.

அத்தகைய உடலுக்கு ஒரு விலையுண்டு. விலையுள்ளதைப் பேணவும் ஆளுண்டு. தேசிய அணிக்கு ஆடுகையிற் காயமுறும் வீரருக்காக, முதல் 28 நாட்கள் கழிந்தபின், அவருடைய கழகத்துக்கு நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை வழங்கும் திட்டத்தைச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2012இல் ஏற்படுத்திற்று. 2014இல் நமது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், கொடுப்பனவுகள் யாவும் சேர்த்து, 620 ரூபா. இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துக் கொதிப்பது எளிது. நான் கூறவந்தது வேறு. குளவி கொட்டினாலும், மழையில் வழுக்கிக் கால் முறிந்தாலும், தொழிலாளிக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பெறுவது பெரும்பாடு, எனினும் சட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மைதானத்தில் முழங்கால் முறிந்தவனுக்கு அதுவும் இல்லை. ஓய்வுநாள் ஆட்டத்தில் நேர்ந்த விபத்தை அச்சட்டம் அறியாது. ஒருபுறம் மண்மேடும் மறுபுறம் தேயிலைச் சரிவுமாக, கல் தலைநீட்டும் அம்மைதானத்தில் ஆடுபவன் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியுமல்லன், விளையாட்டு வீரனுமல்லன். நோவெண்ணெய் பூசிச் சில நாள் படுத்துவிட்டு, நொண்டியபடியே பெரட்டுக்குப் போவான். அடுத்த ஞாயிறு அவன் இடத்தில் வேறொருவன் ஆடுவான். அவனுடைய சட்டையை எவரும் ஏந்தி நிற்பதில்லை. அது தம்பிக்குப் போய்விடும்.

சுற்றுப்போட்டி நடத்துவோரிடம் ஒன்று கேட்கவேண்டும். கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பிரமுகரின் மாலைக்கும் பணம் கிடைக்கிறது. முதலுதவிப் பெட்டிக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? நம்மவருக்குச் சேர்ந்து கொடுக்கத் தெரியாதென்று கூறமுடியாது. தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. மாதந்தோறும் சிறுதொகை கொடுத்து, எவர் வீட்டிற் சாவு விழுந்தாலும் அச்சங்கம் முன்னிற்கும். செத்தவனுக்கு உதவும் அவ்வேற்பாடு கால் முறிந்தவனுக்கு ஏன் உதவக்கூடாது? அணியொன்று செலுத்தும் நுழைவுக் கட்டணத்திற் காற்பங்கு இதற்கென ஒதுக்கப்படட்டும். மலையகத்தில் நம் மாணவர் நடத்தும் போட்டிகளிலிருந்தே இது தொடங்கலாம். அத்தொகையைக் காயமுற்றவன் வீட்டுக்குக் கொண்டுசெல்பவர் எதிரணித் தலைவராக இருத்தல் நன்று. சூனிகாவை ஏசிய வாய்களுக்கு அது பழக்கமாகட்டும். புதிய சங்கமோ புதிய யாப்போ தேவையில்லை. மரண உதவிச் சங்கத்தின் பொருளாளரிடம் கணக்குப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாற் போதும்.