பின்னால போகாதீங்கப்பா

சிறு வயதில் கொஞ்ச காலம் சிலம்பம் பழகியவன் நான். தோட்டத்துப் பாடாங்கில் வாத்தியார் முதலில் சொல்லிக் கொடுத்தது, எதிரில் நிற்பவனைக் கோல் நீளத்துக்கு அப்பாலேயே நிறுத்தி வை என்பதுதான். அதற்கு நேர்மாறான ஒரு பாடத்தை 48 வயதில், அதுவும் மகனிடம், கற்றுக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

படிவம் நான்கில் படிக்கும் அவன், ஆறு மாதமாகக் கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் முவாய் தாய் பழகுகிறான். கொண்டுபோய் விடுவதும், காரிலேயே காத்திருந்து கூட்டி வருவதும் என் வேலை. போகும்போது “சாப்டியா?”, வரும்போது “பசிக்குதா?”. அரையாண்டுத் தேர்வு முடிவைப் பார்த்து நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு எங்களிடையே மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காருக்குள் புழுக்கம் தாங்காமல் மாடியேறிப் போய் வாசலில் நின்றேன். அன்று ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். ஜோடி சேர்க்க ஓர் ஆள் குறைவு. கிளந்தான்காரரான பயிற்றுநர் என்னைப் பார்த்து, “மாரி, பாங்!” என்று கையசைத்தார். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மகன் வேறு பக்கம் பார்த்தான்.

அன்றைய பாடம் ‘கிளிஞ்ச்’. நின்றபடியே எதிராளியைக் கட்டிப் பிடித்துச் சண்டையிடுவது. குத்துச்சண்டையில் இருவரும் கட்டிக்கொண்டால் நடுவர் வந்து பிரித்து விடுவார். முவாய் தாயில் அப்படி உடனே பிரிப்பதில்லை. அந்த நெருக்கத்தில்தான் முழங்காலுக்கும் முழங்கைக்கும் வேலை. 1982இல் தாய்லாந்தின் டீசல்நொய் என்ற நெட்டை வீரர், பெரும் திறமைசாலியான சாமார்ட்டை முழங்கால் அடிகளாலேயே வென்றதைப் பயிற்றுநர் கைப்பேசியில் காட்டினார்.

பிடிக்கும் முறையையும் சொன்னார். ஓர் உள்ளங்கையை எதிராளியின் பின்தலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். மறு கை அதன்மேல். விரல்களைக் கோத்துக்கொள்ளக் கூடாது. இழுபறியில் விரல் உடையலாம். முன்கைகள் எதிராளியின் நெஞ்சோடும் தோளோடும் படிய வேண்டும், முழங்கைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்க வேண்டும். நாம் சொல்கிறோமே கிடுக்கிப்பிடி, அதேதான். பிறகு கை பலத்தால் இழுக்காமல் உடல் எடையால் அழுத்த வேண்டும். தலை போகும் பக்கம்தான் உடம்பும் போகும்.

மகன் என் தலையைப் பிடித்தான். அவன் கையில் இவ்வளவு பலம் எப்போது வந்தது? என் தலை தாழ்ந்தது. தரை மட்டுமே தெரிந்தது. பயத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, தலையைப் பிடுங்கப் பார்த்தேன். பிடி இன்னும் இறுகியது. இடையில் கிடைத்த இடைவெளியில் அவன் முழங்கால் என் வயிற்றைத் தொட்டது. மெதுவாகத்தான் தொட்டான். போட்டியாக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

“ஜாங்ஙான் துண்டுக்!” என்றார் பயிற்றுநர். குனியாதே என்கிறார். ஆனால் எப்படி நிமிர்வது?

அப்போதுதான் காதருகே அவன் குரல் கேட்டது. “பின்னால போகாதீங்கப்பா. உள்ள வாங்க.”

ஓர் அடி முன்னே வைத்தேன். இடுப்பை அவன் இடுப்போடு சேர்த்து நிமிர்ந்தேன். முழங்கால் வீசுவதற்கு இடமே இல்லாமல் போனது. “இப்ப ஒரு கைய என் கைக்கு உள்பக்கமா விடுங்க. நீச்சல் அடிக்கிற மாதிரி.” விட்டேன். பிறகு மறு கை. பிடி இப்போது என்னிடம். உடனே அவன் தன் கையை உள்ளே நுழைத்தான். இப்படியே மாற்றி மாற்றி மூன்று நிமிடம். எனக்கு மூச்சு முட்டியது. “மூச்ச அடக்காதீங்கப்பா, விடுங்க,” என்று அதையும் அவனே சொன்னான்.

அவன் ஆரம்பப் பள்ளியை முடித்த பிறகு நான் அவனை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்ததே இல்லை என்பது மணி அடித்தபோதுதான் உறைத்தது.

திரும்பும் வழியில் பாலத்து நெரிசலில் கார் நின்றது. “பசிக்குதா?” என்று கேட்கவில்லை. சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, “கூடுதல் கணிதத்த விட்டுடலாம்னு இருக்கேன்பா,” என்றான்.

வாய் வரை வந்துவிட்டது அந்தப் பழைய சத்தம். அதைப் போட்டிருந்தால் அவன் சன்னல் பக்கம் திரும்பியிருப்பான். மூச்சை விட்டேன். “ஏன்டா, எந்த இடத்துல புரியல?” என்றேன்.

வீடு வரும்வரை பேசினான். ஆசிரியர் வேகம், நண்பர்கள் கிண்டல், கேள்வி கேட்கக் கூச்சம் என்று நான் அறியாதவை நிறைய இருந்தன. பாடத்தை விடுவதா, வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

கழுத்து மட்டும் நான்கு நாள் வலித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் மாடியேறினேன். பத்துப் பேர் வந்திருந்தார்கள், ஜோடி சரியாக இருந்தது. அவன் தன் ஜோடியிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் வந்தான்.