காமெடியைக் காமெடியாகப் பார்ப்பது எப்படி?

மெல் புரூக்ஸ் இயக்கி 1974இல் வெளிவந்த 'பிளேசிங் சாடில்ஸ்', ஹாலிவுட்டின் புகழ்பெற்ற பகடிப் படங்களில் ஒன்று. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2006இல் சேர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதன் பார்வையாளர்கள் இரண்டு அணிகளாகத்தான் நிற்கிறார்கள். இனவெறியை இவ்வளவு கூர்மையாகக் கேலி செய்த படம் வேறில்லை, எதற்கெடுத்தாலும் மனம் புண்படும் இந்தக் காலத்தில் இப்படியொரு படம் எடுக்கவே முடியாது என்கிறது ஓர் அணி. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த ஒரு சொல் படம் முழுக்க ஒலிக்கிறது, கேலி என்று சொன்னாலும் அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது என்கிறது மற்றோர் அணி.

இந்தச் சண்டை நமக்குப் பழக்கமானதுதான். ஒரு தமிழ்ப் படக் காட்சியில் சாதி இழிவு இருக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும்: "காமெடியைக் காமெடியா பாருங்க." சரி, பார்ப்போம். முதலில் இந்தப் படத்தையே அப்படிப் பார்ப்போம்.

கதை நடப்பது 1874இல். ரயில் பாதை போடும் கறுப்பினத் தொழிலாளர்கள் இருவர், தண்டவாள டிராலியோடு புதைமணலில் சிக்குகிறார்கள். மேற்பார்வையாளர்கள் கயிறு வீசுகிறார்கள், டிராலிக்கு. 400 டாலர் பொருள் தப்பியதே என்று அவர்களுக்கு நிம்மதி. மனிதர்கள் இருவரும் தாங்களாகவே கரையேறி வருகிறார்கள். மலக்குழி மரணச் செய்திகளை மாதந்தோறும் படிக்கிற நமக்கு இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்த இருவரில் ஒருவன் பார்ட். மேற்பார்வையாளனை மண்வெட்டியால் அடித்ததற்காக அவனுக்குத் தூக்குத் தண்டனை. ராக் ரிட்ஜ் என்ற ஊரைக் காலி செய்து நிலத்தைச் சுருட்டத் திட்டமிடும் அரசியல்வாதி ஒருவன், அவனையே அந்த ஊருக்கு ஷெரீஃபாக அனுப்புகிறான். கறுப்பன் அதிகாரியாக வந்தால் ஊரே கலைந்து ஓடும் என்பது கணக்கு. வரவேற்கக் கூடியிருந்த வெள்ளையர்கள் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். பார்ட் தன் துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்து, தன்னைத் தானே பணயக் கைதியாகப் பிடித்துக்கொள்கிறான். மிரட்டும் கறுப்பனும் அவனே, நடுங்கும் அடிமையும் அவனே. ஊர் நம்பிவிடுகிறது. அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த இரண்டு பொம்மைகளைத்தான் அவன் ஆட்டிக் காட்டினான். எதிரில் நின்ற மனிதனை யாரும் பார்க்கவேயில்லை.

தெருவில் அவனைக் கேவலமாகத் திட்டிய மூதாட்டி, அவன் ஊரைக் காப்பாற்றிய பிறகு பலகாரம் செய்து ரகசியமாகக் கொண்டுவந்து நன்றி சொல்கிறார். போகும்போது, தான் பேசியதை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்கிறார். கொல்லைப்புறத்தில் உறவும் தெருவில் தீண்டாமையுமாக வாழும் ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்த மூதாட்டியும் தெரிந்தவர்தான்.

கடைசியில் ஊரைக் காக்க ரயில்பாதைத் தொழிலாளர்களின் உதவி தேவைப்படுகிறது. பதிலுக்கு அவர்களுக்கு நிலம் வேண்டும் என்கிறான் பார்ட். கறுப்பர்களுக்கும் சீனர்களுக்கும் தருகிறோம், ஐரிஷ்காரர்களுக்கு மட்டும் முடியாது என்கிறது ஊர். படிநிலை வரிசை கலைந்தாலும் கீழே தள்ள ஒருவர் வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் என்றால்தான் ஒப்பந்தம் என்றான பிறகே ஊர் பணிகிறது.

இந்தக் காட்சிகளில் முட்டாளாவது யார்? இழிசொல்லைப் பேசுகிறவர்கள். பார்ட் ஓரிடத்திலும் முட்டாளாவதில்லை. இது தற்செயலாக அமைந்ததல்ல. திரைக்கதை எழுதிய ஐவரில் ரிச்சர்ட் பிரையர் என்ற கறுப்பினக் கலைஞரும் ஒருவர். ஆனால் அவரைக் கதாநாயகனாக்க புரூக்ஸ் விரும்பியபோது ஸ்டூடியோ மறுத்துவிட்டது. பார்ட்டாக நடித்தவர் கிளீவன் லிட்டில். இனவெறியைக் கேலி செய்த படத்திலும் எழுத்து மேசைவரை வந்தவருக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை.

அந்த மேசையில் இடமே இல்லாதவர்களைப் படம் எப்படி நடத்தியது என்றும் பார்க்க வேண்டும். இறுதிப் பகுதியில் வரும் தன்பாலீர்ப்பு ஆண்கள், தன்பாலீர்ப்பாளர்கள் என்பதற்காகவே சிரிப்புப் பொருளாகிறார்கள். பூர்வகுடித் தலைவராகச் சாயம் பூசிக்கொண்டு வருபவர் புரூக்ஸேதான். பாலியல் வன்முறையும் ஒரு ஜோக்காகக் கடந்துபோகிறது. மேலே பார்த்துக் கேலி செய்த அதே படம், இங்கெல்லாம் கீழே பார்த்துச் சிரிக்கிறது. முழுப் படத்தையும் தூக்கிப் பிடிப்பதும் முழுப் படத்தையும் ஒதுக்குவதும் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

இப்போது நம் திரைக்கு வருவோம். முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, வெட்டியான் என்று தொழிலைச் சொன்னாலே அரங்கம் சிரிக்க வேண்டும் என்று எழுதப்பட்ட காட்சிகள் எத்தனை? கறுத்த நிறத்தையே ஜோக்காக்கியவை எத்தனை? அவற்றில் எந்த ஊர் முட்டாளாகிறது? எந்த மேற்பார்வையாளன் அம்பலப்படுகிறான்? சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுவெளியில் இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே இழிவு தொழிலின் பெயரிலும் நிறத்தின் பெயரிலும் திரைக்கு வந்தால் காமெடியாகிவிடுகிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயராகவும் ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளேசிங் சாடில்ஸ் சரியான திசையில் கல்லெறிகிறது என்பதற்காக, அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்த ஒரு கறுப்பினப் பார்வையாளரும் சிரித்தாக வேண்டும் என்பதில்லை. அவர் சிரிக்க மறுத்தால் 'உனக்குப் பகடி புரியவில்லை' என்று பாடம் எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அடிபட்டவருக்கு அந்த ஜோக் புரியாமல் இல்லை. நமக்கு முன்பே புரிந்துவிட்டது என்பதுதான் அவருடைய சிக்கல்.

காமெடியைக் காமெடியாகப் பார்க்கச் சொல்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: இதை எழுதிய மேசையில் யார் யார் இருந்தார்கள்? காட்சி முடியும்போது முட்டாளாக நிற்பது யார்? இதைக் கேட்பதும் காமெடியைக் காமெடியாகப் பார்ப்பதுதான்.